கல்லாப் பணம் கடனை அடைக்காது

சிறு உணவகங்கள் வெளியில் வாங்கும் கடனைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. ஓட்டல் தொழிலில் தினமும் காசு புரளும், ஆகவே எவ்வளவு கடன் வாங்கிக் கடை போட்டாலும் கல்லாவே அதை அடைத்துவிடும் என்பது அது. கடை தொடங்குபவருக்கு உறவினர் ஊட்டும் தைரியம் இது. கடன் கொடுப்பவர் சொல்லும் சமாதானமும் இதுவே. இந்த நம்பிக்கை அடியோடு தவறு. கைப்பக்குவமும் கூட்டமும் இருந்த கடைகள்கூட இதனால் மூடப்படுகின்றன. அவற்றோடு வீட்டு நகையும் போகிறது, நிலமும் போகிறது.

கல்லாவில் விழும் பணம் வேறு, கடைக்காரருக்கு மிஞ்சும் பணம் வேறு. ஒரு மாதிரிக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஜிஎஸ்டி நீங்கலாக நாளொன்றுக்கு 15,000 ரூபாய் வியாபாரம் ஆகும் ஓர் அசைவ உணவகத்துக்கு மாதம் 4,50,000 ரூபாய் வரும். அரிசி, எண்ணெய், காய்கறி, இறைச்சிக்கு நூற்றுக்கு நாற்பது என்று வைத்தால் 1,80,000 போகும். மாஸ்டர், பரோட்டா போடுபவர், சப்ளையர், பாத்திரம் கழுவுபவர் என ஏழு பேர் சம்பளம் 1,15,000. வாடகை 50,000. காஸ் சிலிண்டரும் கரண்டும் 40,000. பார்சல் பொருள்கள், பழுதுபார்ப்பு, சில்லறைச் செலவுகள் 20,000. எல்லாம் போக மிஞ்சுவது 45,000, அதாவது நாளுக்கு 1,500 ரூபாய். முதலாளியின் வீட்டுச் செலவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இதிலிருந்துதான். ஆனால் ஒவ்வொரு இரவும் அவர் கையால் எண்ணுவது 15,000. கடன் வாங்கும்போது மனத்தில் நிற்பதும் அந்த 15,000தான்.

மீதிப் பணம் கல்லாவில் இருந்தாலும் அதற்கு உரியவர்கள் வேறு ஆட்கள். மளிகைக் கடைக்கு வாரக் கணக்கு, பால்காரருக்கு மாதக் கணக்கு, ஆட்களுக்கு மாதக் கடைசி, வீட்டு உரிமையாளருக்கு அடுத்த மாதம் ஐந்தாம் தேதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் குறித்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜிஎஸ்டி அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அரசுக்குப் போக வேண்டும். மேற்படி கடையில் அது மட்டும் மாதம் 22,500 ரூபாய். உணவகங்களுக்கு 5 சதவீத வரி, உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பது 2017 நவம்பர் 15 முதல் உள்ள ஏற்பாடு. ஆகவே இயந்திரங்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இந்தப் பாக்கிகள் எல்லாமே பத்திரம் எழுதாத வெளிக்கடன்கள். புதிதாகத் திறந்த கடை முதல் இரண்டு மாதங்களில் செழிப்பாகத் தெரிவதற்கு இவை இன்னும் கெடுவுக்கு வராததே காரணம். இரண்டாவது கடனை வாங்கத் துணிவதும் பெரும்பாலும் அந்த இரண்டு மாதங்களில்தான்.

இந்த மயக்கத்தின் மேல் கட்டப்பட்ட கடன் முறைதான் தண்டல். ஒரு லட்சம் ரூபாய் தண்டலில் 10,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 90,000 கையில் தருவார்கள். நாளுக்கு ஆயிரம் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பத்துதானே வட்டி என்று வாங்குபவர் நினைக்கிறார். ஆனால் ஐம்பதாவது நாளிலேயே கடனில் பாதி திரும்பிவிடுகிறது. முழுத் தொகையும் அவரிடம் நூறு நாள் இருப்பதே இல்லை. கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 78 சதவீதம். 15,000 பிடித்தால் 120 சதவீதம். மாதிரிக் கடையில் நாள் மிச்சம் 1,500. அதில் ஆயிரம் தண்டலுக்குப் போய்விடும். இரண்டு தண்டல் ஓடினால் மாதம் 60,000 கட்ட வேண்டும், மிச்சமோ 45,000. குறையும் 15,000 எங்கிருந்து வரும்? மளிகைக் கடைப் பாக்கியிலிருந்தும், ஆட்களின் சம்பளத்திலிருந்தும், ஜிஎஸ்டிப் பணத்திலிருந்தும்தான். அவை கெடுவுக்கு வரும்போது மூன்றாவது தண்டல் தேவைப்படும். கல்லா கடனை அடைக்கிறது என்று சொல்லப்படும் காட்சி உண்மையில் ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பதுதான்.

தண்டல்காரர் மாலையில் வருவதற்குக் காரணம் உண்டு. கல்லா நிறைந்திருக்கும் நேரம் அது. மளிகைக்காரர் கணக்கு கேட்டு வருமுன் தன் பங்கை எடுத்துக்கொள்ள ஏற்ற நேரமும் அதுவே. தினசரி வசூல் கடைக்காரரின் வசதிக்காக ஏற்பட்டது என்பார்கள். கொடுத்தவரின் பத்திரத்துக்காக ஏற்பட்டது அது. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் நாள்வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் இருந்தும் தண்டல் கடைத்தெருவில் பகிரங்கமாக நடப்பதற்கு, வாங்குபவரே அதை உதவி என்று நம்புவது ஒரு முக்கியக் காரணம்.

தண்டலின் புதிய உருவம் செல்பேசியில் வருகிறது. கியூஆர் கோடு வழியாக வரும் பணத்திலிருந்து நாள்தோறும் தவணையைப் பிடித்துக்கொள்ளும் கடன்கள், உணவு விநியோகச் செயலிகள் நிதி நிறுவனங்களோடு சேர்ந்து உணவகங்களுக்கு ஏற்பாடு செய்யும் கடன்கள் என்று பல வகை. ஸ்விகி நிறுவனம் 2017இலேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. இவை கந்துவட்டி அல்ல, ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டவை. ஆனால் பணம் கடைக்காரர் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படுவதால், எந்தப் பாக்கியை முதலில் கட்டுவது என்று முடிவெடுக்கும் உரிமை அவரிடமிருந்து போய்விடுகிறது. மழையில் கூட்டம் குறைந்த நாளில் ஆட்களுக்குச் சம்பளம் தர ஒரு வாரம் தவணை கேட்பது மனிதர்களிடம் நடக்கும், தானாகப் பிடித்துக்கொள்ளும் கணக்கிடம் நடக்காது. 2024 அக்டோபர் 1 முதல் சிறு தொழில்களுக்கான தவணைக் கடன்களில் எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய எண் அந்த ஒன்றுதான்.

வாங்கிய கடன் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் கடைக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழகிப்போன வழக்கம். 50,000 வாடகைக்கு ஐந்து லட்சம் முடங்கும். அதற்கு வட்டி வராது; அந்த ஐந்து லட்சத்தைக் கடனாக வாங்கியவரோ மாதாமாதம் வட்டி கட்டுவார். டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், புகைபோக்கி, பெயர்ப்பலகை எல்லாம் பிறர் கட்டடத்தில் ஒட்டியவை. காலி செய்யும் நாளில் அவற்றுக்கு விலை இல்லை. கிரைண்டர், ஃப்ரீசர், ஸ்டீல் மேசைகளை மட்டும் பழைய சாமான் விலைக்கு விற்கலாம். கடன் நின்றுபோனால் எடுத்து அடைக்கப் பொருளே இல்லாத தொழில் இது. அப்படியிருக்க, கடன் பற்றி வேறு எந்தத் தொழிலையும்விட இதில்தான் அதிகப் பயம் இருக்க வேண்டும்.

பருவம் இன்னொரு அடி. புரட்டாசியில் பிரியாணிக் கடைகளில் கூட்டம் குறையும்; கார்த்திகையில் மாலை போடுபவர்களால் மறுபடி குறையும்; கல்லூரி வாசல் கடைக்கு மே மாதம் வெறிச்சோடும். மாதிரிக் கடையில் வியாபாரம் கால்பங்கு குறைந்தால் 1,12,500 ரூபாய் வரவு போகும். சரக்குச் செலவில் 45,000 மிச்சமாகும், காஸில் சிறிது குறையும். வாடகையும் சம்பளமும் அப்படியே நிற்கும். 45,000 மிஞ்சிய இடத்தில் ஏறத்தாழ 20,000 துண்டு விழும். வியாபாரத்தில் கால்பங்கு குறைந்தால் லாபம் முழுவதும் போய் அதற்கு மேலும் போகிறது. தவணைக்கு இந்த மாத வித்தியாசம் எதுவும் தெரியாது.

வங்கி தருவதில்லை, அதனால்தான் தண்டலுக்குப் போகிறோம் என்பது வழக்கமான பதில். இதில் உண்மை இருக்கிறது. சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலாவது அடமானம் கேட்கக் கூடாது என்பது 2010 முதல் உள்ள விதி. அப்படித் தந்த கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க 2000இலேயே தனி அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 2015இல் முத்ரா திட்டம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் பத்திரம் இருக்கிறதா என்று கேட்கும் கிளைகள் உண்டு. அது கண்டிக்கத் தக்கது. ஆனால் மறுபக்கமும் உண்டு. வரவை வங்கிக் கணக்கில் போடாமல் கல்லாவிலிருந்தே எடுத்துக் கொடுத்துப் பழகிய கடைக்கு, தன் வியாபாரம் எவ்வளவு என்று காட்ட ஒரு தாளும் இருப்பதில்லை. கல்லாவை நம்பும் பழக்கமே வங்கியின் கதவைச் சாத்துகிறது. அதன் விலை மிகப் பெரியது. 12 சதவீத வட்டியில் ஐந்து லட்சத்தை ஐந்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 11,100 ரூபாய் போதும். ஒரு லட்சம் தண்டலுக்கு மாதம் 30,000.

2020 இதை ஈவிரக்கமின்றிக் காட்டியது. ஊரடங்கில் வங்கிக் கடன் தவணைகளை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் திட்டத்தில், பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் அளவுக்குக் கூடுதல் கடன் அடமானமின்றிக் கிடைத்தது. அந்த நாளில் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் இல்லாதவருக்கு அதன்படி எதுவும் இல்லை. தண்டலில் ஓடிய கடைகளுக்குத் தள்ளிவைப்பும் இல்லை, கூடுதல் கடனும் இல்லை.

கடையைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்துவிட்டால் கடன் கம்பெனியோடு போய்விடும் என்பதும் இதே நம்பிக்கையின் ஒரு கிளை. சிறு கம்பெனிக்கு வங்கி கடன் தரும்போது இயக்குநர்களின் சொந்த ஜாமீனைக் கேட்கிறது. ஜாமீன் போட்ட பிறகு வீடும் கணக்கில் வந்துவிடும். 2013 கம்பெனிச் சட்டப்படி இத்தகைய கம்பெனி நண்பர்களிடமும் தெரிந்தவர்களிடமும் தாராளமாகக் கடன் திரட்ட முடியாது. இயக்குநர்களும் அவர்களின் உறவினர்களும் தம் சொந்தப் பணத்தைத் தரலாம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் என்கிறது வருமான வரிச் சட்டம். மாமாவிடம் ரொக்கமாக வாங்கிய மூன்று லட்சத்துக்கும் இது பொருந்தும்.

கடனே வேண்டாம் என்று எந்த உணவகமும் இருக்க முடியாது. கிரைண்டருக்கும் ஃப்ரீசருக்கும் அவை உழைக்கும் காலத்துக்குள் முடியும் தவணைக் கடன் சரி. சரக்கு வாங்க, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி கட்டும் ஓவர்டிராஃப்ட் சரி. அட்வான்ஸையும் உள்அலங்காரத்தையும் சொந்த முதலிலோ பங்காளியின் முதலிலோ போட வேண்டும். அதற்குக் கடன்தான் வழி என்றால், வாடகை ஒப்பந்தம் முடியும் முன்பே அந்தக் கடன் முடிய வேண்டும். நட்டத்தை அடைக்கக் கடன் வாங்கக் கூடாது. முதல் கடையின் கல்லாவைக் காட்டி இரண்டாம் கிளைக்கு அட்வான்ஸ் கொடுக்கவும் கூடாது. தவணையின் அளவை நல்ல மாதத்தின் வியாபாரத்தை வைத்து முடிவு செய்வதே இன்று நடைமுறை. அதை முடிவு செய்ய வேண்டியது புரட்டாசியில், எல்லாப் பாக்கியும் கொடுத்த பிறகு கணக்குப் புத்தகத்தில் நிற்கும் தொகை.