நாற்பதாயிரம் பக்கங்களைக் காத்த துறவி



பெல்ஜியம் நாட்டின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2025-ஆம் ஆண்டில் தனது 600-வது ஆண்டை எட்டியது. 1425-இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டினின் ஆணையால் பிறந்த கல்விக்கூடம் அது. இந்த விழாவையொட்டி 2024 செப்டம்பரில் அங்கு சென்ற மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், அறிவின் எல்லைகளை விரிவாக்குமாறு பேராசிரியர்களைக் கேட்டுக்கொண்டார்.

நாடுகள் பலவற்றில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. 2010-இல் இலண்டனின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகம் தனது மெய்யியல் துறையை மூட முடிவெடுத்தது. 2015-இல் சப்பானியக் கல்வி அமைச்சகம், மனிதவியல், சமூக அறிவியல் துறைகளைக் குறைக்கவோ மாற்றவோ கேட்டுத் தேசியப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2025 சனவரியில் வேல்சு நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 400 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தபோது, பண்டைய வரலாறு, நவீன மொழிகள், இசை ஆகியவற்றோடு சமயமும் இறையியலும் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்புக்குப் பின் சில துறைகள் தப்பின.

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்பதே எங்கும் கேட்கப்படும் கேள்வி. நம் இல்லங்களிலும் இதையே கேட்கிறோம். மகன் மெய்யியல் படிக்கிறேன் என்றால் தாய் கலங்குகிறார். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்தின் கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆயினும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வீட்டில் இறப்பு நிகழ்கிறது. மருத்துவர் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். ஆனால் மாலையில் வெறுமையாகக் கிடக்கும் நாற்காலி அந்த மனைவிக்கு என்னவாகத் தோன்றுகிறது? மனிதருக்கு அனுபவம் எப்படிக் கிடைக்கிறதோ அப்படியே அதைக் கூர்ந்து விவரிக்க முயலும் மெய்யியலுக்கு நிகழ்வியல் என்று பெயர். (குருமடத்தில் நாம் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். இழவு வீடுகளுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் புரிந்தது.)

இதன் தந்தை எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல். யூதராகப் பிறந்தவர் என்பதால் நாசி ஆட்சியில் ஒதுக்கப்பட்ட அவர், 1938 ஏப்ரலில் ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில் இறந்தார். அவர் விட்டுச்சென்றவை சுருக்கெழுத்தில் எழுதிய ஏறத்தாழ 40,000 பக்கங்கள். அவை நெருப்புக்குப் போயிருக்கும். அவ்வாண்டு ஆகஸ்டில் லூவனிலிருந்து ஆய்வுக்காக வந்தார் பிரான்சிஸ்கன் துறவி ஹெர்மன் லியோ வான் பிரெடா. வயது 27. பெனடிக்டின் சபை அருட்சகோதரி ஒருவர் அப்பெட்டிகளைச் சுவிட்சர்லாந்து எல்லை வரை கொண்டுசென்றும் கடத்த வழியில்லாமல் போயிற்று. இறுதியில் பெர்லினிலிருந்த பெல்ஜியத் தூதரகத்தின் பொதிகளாக, சோதனையின்றி அவை லூவன் வந்து சேர்ந்தன. இன்றும் அங்கே இயங்கும் ஹுஸ்ஸெர்ல் ஆவணக் காப்பகம் இப்படித்தான் தோன்றியது. ஹுஸ்ஸெர்லின் துணைவியாரையும் போர்க்காலம் முழுவதும் அருகிலிருந்த ஒரு கன்னியர் மடம் மறைத்து வைத்துக் காத்தது.

பலனை முன்கூட்டிக் கணக்கிட்டிருந்தால் யார் இதைச் செய்திருப்பார்? 1950 முதல் அச்சேறத் தொடங்கிய அந்தப் பக்கங்களின் பதிப்பு 40 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. அதே நிகழ்வியல் மரபைச் சேர்ந்த மாக்ஸ் ஷெலரை ஆராய்ந்து 1953-இல் ஆய்வேடு அளித்த போலந்து நாட்டுக் குரு, பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார். மனித மாண்பைப் பற்றிய அவருடைய போதனையில் அந்தப் படிப்பின் தடம் உண்டு.

ஆய்வு மையங்கள்மீதும் குறை உண்டு. தங்களுக்குள் மட்டுமே புரியும் மொழியில் எழுதிக்கொள்கிறார்கள். மூடும் நாள் வந்தபின் மக்கள் துணைக்கு வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. நமது திருச்சபையின் கல்லூரிகளும் வணிகவியலுக்கும் கணினிக்கும் இடத்தைக் கூட்டும்போது வரலாற்றுக்கும் மெய்யியலுக்கும் என்ன மிச்சம் வைக்கின்றன என்பதை நாமும் நேர்மையாகக் கேட்க வேண்டும்.

ஹுஸ்ஸெர்லின் அந்தச் சுருக்கெழுத்துத் தாள்களை 1916 முதல் 1918 வரை ஒழுங்குபடுத்தியவர் அவருடைய உதவியாளர் எடித் ஸ்டெயின். பிறர் உணர்வை நாம் எப்படி உணர்கிறோம் என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. பெண் என்பதால் பேராசிரியர் தகுதிக்கான வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. 1922-இல் திருமுழுக்குப் பெற்றார், 1933-இல் கார்மேல் மடத்தில் சேர்ந்தார், 1942 ஆகஸ்டில் ஔஷ்விட்சில் கொல்லப்பட்டார். 1998-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அவருடைய கையெழுத்துப் படிகள் நெதர்லாந்தில் குண்டுவீச்சில் இடிந்த ஒரு மடத்தில் சிதறிக் கிடந்தன. 1945-இல் வான் பிரெடா மீண்டும் புறப்பட்டார். கார்மேல் துறவியரோடு சேர்ந்து இடிபாடுகளுக்கிடையே தாள் தாளாகப் பொறுக்கி, லூவனுக்கே கொண்டுவந்து சேர்த்தார்.