சார்ஜர் பெரிதானால் பாட்டரி கெடுமா?

தில்லியில் நம்மவர் வீடுகளில் இப்போது லேப்டாப் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. பிள்ளை படிக்க ஒன்று, மருமகள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க ஒன்று. கூட வந்த சார்ஜர் கெட்டுப்போனாலோ, வேகம் போதவில்லை என்று தோன்றினாலோ ஒரு கேள்வி எழுகிறது. 45 வாட்டுக்குப் பதில் 65 வாட், 100 வாட் வாங்கிப் போட்டால் பாட்டரி சீக்கிரம் போய்விடுமா? ரயில் பெட்டிகளின் விளக்கு, விசிறி, பாட்டரி பராமரிப்பிலேயே உத்தியோக காலத்தைக் கழித்தவன் என்பதால் சங்க அன்பர்கள் பலர் இதை என்னிடம் கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரமான பெரிய சார்ஜரைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சூட்டைக் கண்டும், மலிவுச் சரக்கைக் கண்டும்தான்.

சார்ஜர் மேல் 65 வாட் என்று போட்டிருந்தால், அது கொடுக்கக்கூடிய உச்சம் அவ்வளவு என்று பொருள். அத்தனையையும் லேப்டாப்புக்குள் தள்ளிவிடாது. சமையலறையில் 15 ஆம்பியர் பிளக்கில் மிக்ஸியைச் செருகினால் மிக்ஸி எரிந்தா போகிறது? தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. டைப்-சி சார்ஜரானால் செருகியவுடன் இரண்டும் பேசி முடிவு செய்கின்றன. என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது, இத்தனை ஆம்பியர் தர முடியும் என்று சார்ஜர் சொல்லும். லேப்டாப் தனக்கு உகந்ததைக் கேட்டு வாங்கும். அதில் பாட்டரிக்கு எவ்வளவு என்பதை லேப்டாப்பின் உள்ளே இருக்கும் சர்க்யூட்தான் தீர்மானிக்கிறது. 45 வாட் மட்டுமே எடுக்கும் லேப்டாப்பை 100 வாட் சார்ஜரில் மாட்டினாலும் 45 தான். கூடுதலாகக் கொடுத்த காசு வீண், அவ்வளவே. பழைய உருண்டை முனை சார்ஜரில் வோல்ட்டுக்கு இந்தப் பேரம் கிடையாது. 19.5 வோல்ட் என்றிருந்தால் புதியதும் 19.5 ஆகவே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது.

பெரிய சார்ஜர் கிடைத்தால் நிஜமாகவே வேகமாக ஏறும் லேப்டாப்புகளும் உண்டு. 2022-இல் வந்த ஆப்பிள் மேக்புக் ஏர் ஒன்றின் பாட்டரி 52.6 வாட்-மணி, அடிப்படை மாடலுடன் வந்த சார்ஜர் 30 வாட். 67 வாட் வைத்தால் அரை மணியில் பாதி ஏறும் என்கிறது கம்பெனி. கணக்குப் போட்டுப் பாருங்கள், பாட்டரிக்குள் சராசரி சுமார் 52 வாட் போகிறது. தயாரித்தவரே சம்மதித்த வேகம் இது. ஆனால் இந்த வேகமெல்லாம் முதல் பாதியில்தான். லித்தியம் செல் 4.2 வோல்ட்டை, சிலவற்றில் அதற்குச் சற்று மேலே, நெருங்கியதும் கரண்ட் குறைந்துகொண்டே வரும். கடைசி 20 சதவீதம் எந்தச் சார்ஜர் போட்டாலும் ஆமை நடைதான். வேகமாக ஏற்றினால் சூடும் தேய்மானமும் கொஞ்சம் கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே அவசரமில்லாத ராத்திரிகளுக்குப் பழைய சின்ன சார்ஜரே போதும்.

பாட்டரியை அதிகம் கெடுப்பது வேறொரு பழக்கம். எங்கள் பெட்டிகளுக்கு அடியில் இருந்த 110 வோல்ட் ஈய-அமில பாட்டரிகளுக்கு வயிறு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். காலியாகப் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியும் அதே ஜாதி. லித்தியத்தின் குணம் இதற்கு நேர் எதிர். 100 சதவீதத்திலேயே, அதுவும் சூட்டில், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் சீக்கிரம் கிழடு தட்டும். நாமோ இன்வெர்ட்டருக்குப் பழகிய கையால் லேப்டாப்பையும் காலை முதல் இரவு வரை செருகியே வைக்கிறோம். புது லேப்டாப்புகள் பலவற்றில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் போட்டுத் தருவார்கள். சூட்டைப் பற்றி தில்லிவாசிகளுக்குச் சொல்லவே வேண்டாம். ஜூன் மாதத்தில் மொட்டை மாடி பர்ஸாத்தி அறையில் மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். ஜனவரியில் ரஜாய்க்குள் இழுத்து வைத்துக்கொண்டு சினிமா பார்க்கிறார்கள். காற்று போகும் வழி இரண்டிலும் அடைபடுகிறது.

அடுத்தது மலிவுச் சரக்கு. பக்கத்து ஃப்ளாட் பையன் ஹாஸ்டலுக்குக் கிளம்புமுன் ஒரு சார்ஜரைக் கொண்டுவந்து காட்டினான். "அங்கிள், 100 வாட், வெறும் 400 ரூபாய்தான்!" கையில் வாங்கினால் தீப்பெட்டி கனம் கூட இல்லை. காலியம் நைட்ரைடு வந்தபின் நல்ல சார்ஜர்களும் சிறுத்துவிட்டன என்பது உண்மைதான், ஆனால் இவ்வளவு இல்லை. "பி.ஐ.எஸ். நம்பர் எங்கேப்பா?" என்று கேட்டேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தான், இல்லை. லேப்டாப் அடாப்டர்களுக்கு 2015 முதல் பி.ஐ.எஸ். பதிவு நம் நாட்டில் கட்டாயம். முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் நிஜமா என்று பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதிரிச் சரக்கில் 230 வோல்ட்டுக்கும் பிள்ளையின் விரலுக்கும் நடுவே என்ன தடுப்பு வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? பாட்டரி போனால் புதிது வாங்கலாம். 50,000 ரூபாய் லேப்டாப்புக்கு 400 ரூபாய் சார்ஜர் தேடுவதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேபிளிலும் விஷயம் இருக்கிறது. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. அது இல்லாவிட்டால் 100 வாட் சார்ஜரும் 60 வாட்டோடு நின்றுவிடும், கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

ஊருக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பல ரயில் பெட்டிகளில் பிளக்கில் வருவது 110 வோல்ட். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் தாராளமாகச் செருகலாம். வோல்ட் பாதியானால் பிளக்கில் ஓடும் கரண்ட் ஏறக்குறைய இரட்டிக்கும். தளர்ந்த பிளக்கானால் அந்த இடம் சுடும். ஆகவே வண்டியில் வேகத்துக்கு ஆசைப்படாமல் சின்ன சார்ஜரையே எடுத்துப் போங்கள். தில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு பகல், இரண்டு ராத்திரி இருக்கிறது, நிதானமாக ஏறட்டும்.