சத்திர சிகிச்சையும் கைப்பயிற்சியும்

1985ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்துப் பொப்லிங்கன் நகரில் எரிக் மூயே என்னும் வைத்தியர், வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துவாரத்தின் வழியே கருவிகளைச் செலுத்தி ஒருவருடைய பித்தப்பையை வெளிக்கொணர்ந்தார். மறு ஆண்டில் அவர் அதனை எடுத்துரைத்தபோது அந்நாட்டுச் சத்திர வைத்தியர் சபையார் ஏற்றாரல்லர். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் லாப்பராஸ்கோப்பி என்னும் இம்முறை உலகெங்கும் பரவிவிட்டது. நோவு குறைவு, தழும்பு சிறிது, பல நாள் படுக்கையிற் கிடந்தோர் ஓரிரு நாளில் இல்லம் திரும்பலாயினர். இந்நன்மைகளை யாம் மறுக்கின்றிலேம்.

எனினும், முறை பரவிய வேகத்திற்கு ஏற்பக் கைகள் பழகினவா என்பதே எமது வினா. இச்சிகிச்சையில் வயிற்றினுள் கரியமில வாயுவை நிரப்பி, உள்ளே செலுத்திய படக்கருவி காட்டும் உருவத்தைத் திரையில் நோக்கியவாறே வைத்தியர் தொழில் செய்கிறார். கருவியின் பிடி வலப்புறம் செல்லின் அதன் நுனி இடப்புறம் செல்லும். சாதாரணத் திரையில் ஆழம் புலப்படாது. விரலால் தொட்டறியும் உணர்வோ பெரும்பாலும் இல்லை. முப்பதாண்டுகள் கத்தி பிடித்துத் தேர்ந்த கையும் இங்கே புதிதாய் எழுதக் கற்கும் சிறுவனுடைய கையே.

அதன் விளைவு யாது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதிச் சத்திர வைத்தியர் பலர் ஒருங்கு கூடி, 1,518 நோயாளருக்கு இம்முறையிற் செய்த சிகிச்சையின் பலனை 1991இல் வெளியிட்டனர். பித்தநாளம் ஊறுபட்டோர் எழுவர். நூற்றுக்கு அரைப் பங்கே எனச் சிலர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வைத்தியக் குழுவும் முதன்முதற் கைவைத்த பதின்மூன்று பேரை மட்டும் தனியே பிரித்து நோக்கின், ஊறுபட்டோர் நூற்றுக்கு 2.2, அவர்க்குப் பின் வந்தோருள் 0.1. பித்தநாளம் அறுபடின் காமாலையும், சீழும், மறுபடி மறுபடி சிகிச்சையும் தொடரும். சிலவிடத்து உயிரும் போகும். பின்வந்தோர் பெற்ற நலத்திற்கு முன்வந்தோர் விலை கொடுத்தனர் என்பதன்றி இதற்கு வேறு பொருள் எமக்குத் தோன்றவில்லை.

இலக்கணம் கற்போர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் நகைக்கக்கூடும். எமக்கும் வயிறு உண்டு. அன்றியும், சென்ற ஆண்டு எம் வகுப்புத் தோழர் ஒருவருடைய அன்னையார் இத்தகைய சிகிச்சைக்குச் சென்றபொழுது, "ஐயா, தாங்கள் இதுவரை எத்தனை பேருக்கு இதனைச் செய்திருக்கிறீர்கள்?" என்று தோழர் பணிவாக வினவினார். உடன் வந்த பெரியவர்களே அவர் வாயை அடக்கினர். அன்னையார் நலமாகவே திரும்பினார். ஆயினும் அவ்வினாவில் அவமரியாதை எங்கே இருந்தது?

நோயாளியின் உடலன்றிப் பழகுதற்கு வேறிடம் இல்லையெனில் யாம் வாளாவிருப்போம். இடம் உண்டே! 2002இல் யேல் பல்கலைக்கழகத்துப் பயிற்சி வைத்தியர் பதினாறு பேருள் பாதிப்பேரை மட்டும் முதலிற் கணினித் திரையில் பழக்கி, பின்னர் அனைவரையும் நோயாளரிடம் விடுத்துக் கண்டனர். பழகியோர் செய்த பிழைகள் பழகாதோருடையவற்றுள் ஆறிலொரு பங்கே. அவ்வளவு விலையுயர்ந்த யந்திரமும் வேண்டுவதில்லை. ஒரு பெட்டி, ஒரு படக்கருவி, ஒரு திரை, இரண்டு கருவிகள் இருப்பின், சிறு வளையங்களை முளைக்கு முளை மாற்றுதலும், மெல்லிய துணியை வட்டமாகக் கத்தரித்தலும், முடிச்சிடுதலும் பழகலாம். அமெரிக்கச் சத்திர வைத்தியக் கழகத்தார் 2009-10 கல்வியாண்டு முதல் பயிற்சி முடிப்போர்க்கு இத்தகைய தேர்ச்சியைக் கட்டாயமாக்கினர்.

எத்துணைப் பழகினும் எவரேனும் ஒருவர் முதல் நோயாளியாகத்தானே வேண்டும் என்பாரும் உளர். உண்மையே. ஆனால் பெட்டியில் தேறாத கை அவரைத் தீண்டலாகாது. தீண்டுங்கால் தேர்ந்த ஆசிரியர் அருகில் நின்று, வேண்டின் கருவியைத் தம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கும் அதனை மறையாது கூறவேண்டும். அம்முதல் நோயாளி எப்போதும் தர்மப் படுக்கையில் கிடக்கும் ஏழையாகவே இருத்தல் வேண்டும் என்று எந்த மருத்துவ நூலும் விதிக்கவில்லை.