பொதுநலவாயமும் தனிநல வியாபாரமும்

2023ஆம் ஆண்டு ஜூலை 18ஆந் திகதி, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசு, 2026இல் தான் நடத்தவிருந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியை நடத்த இயலாதெனக் கைவிரித்தது. 260 கோடி அவுஸ்திரேலிய டொலர் என மதிப்பிடப்பட்ட செலவு 600 கோடியையும் தாண்டும் என்றும், மருத்துவமனைகளுக்கும் பாடசாலைகளுக்கும் உரிய பணத்தை அதற்கென எடுக்க ஒருப்படோம் என்றும் அம்மாநில முதலமைச்சர் அறிவித்தார்.

அன்று தொடங்கிய ஒப்பாரி இன்னும் ஓய்ந்தபாடில்லை. விளையாட்டுப் பிழைக்க வேண்டுமாயின் அது வியாபாரமாதல் வேண்டும், அனுசரணையாளருக்குக் கதவை அகலத் திறந்துவிட வேண்டும் என்பதே அவ்வொப்பாரியின் பல்லவி. வியாபாரிகள் இதனைப் பாடுவதில் வியப்பில்லை. நம்மிடையே முற்போக்காளரெனத் தம்மைக் கூறிக்கொள்ளும் சிலரும் இதற்குத் தாளம் போடுகின்றனரே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

இவர்கள் தவறாது காட்டும் சான்று 1984ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். 1976இல் போட்டியை நடத்திய மொன்றியல் நகரம் அதன் கடனை 2006 வரை, முப்பது ஆண்டுகள், இறுத்துக்கொண்டிருந்தது. தனியார் கையில் விடப்பட்ட லொஸ் ஏஞ்சலிஸோ 23 கோடி டொலருக்கு மேல் இலாபங் கண்டது. உண்மைதான். ஆனால், அவ்விலாபம் எங்ஙனம் வந்தது? 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்குப் பயன்பட்ட அதே பழைய மைதானந்தான் 1984இலும் முதன்மை அரங்காயிற்று. நட்டம் நேரின் நகரமக்கள் அதனைச் சுமக்கமாட்டார்கள் என்று முன்கூட்டியே சட்டமும் செய்துகொண்டனர். முன்னோர் பொதுப்பணத்திற் கட்டிவைத்ததும், பின்னோர் கடனேற்க மறுத்ததுமே அவ்விலாபத்தின் வேர்கள். புகழை மட்டும் வியாபாரம் தட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1985இல், சர்வதேச ஒலிம்பிக் குழு ஒருசில பெருங்கொம்பனிகளுக்குத் தன் சின்னத்தை விற்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது.

விற்றவன் வாங்கியவன் சொற்கேட்கத்தானே வேண்டும்? 2008இல் பீஜிங்கில் நீச்சல் இறுதிப் போட்டிகள் காலையில் நடந்தன. வீரர் விரும்பியதனாலன்று, அமெரிக்காவில் அப்பொழுது இரவு, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மக்கள் குந்தியிருக்கும் நேரம். துயிலெழுந்த கையோடு உலகத்து நீச்சல் வீரரெல்லாம் குளத்திற் குதித்தனர். 2014இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் 2032 வரையிலான ஆறு ஒலிம்பிக் போட்டிகளுக்கென 775 கோடி டொலர் தர உடன்பட்டது. 2028ஆம் ஆண்டுப் போட்டியின் சில அரங்குகள் கொம்பனிகளின் பெயரையே தாங்கி நிற்கலாமென 2025இல் முதன்முதலாக இடங்கொடுக்கப்பட்டது. இத்தனை பணம் புரளும் அக்குழு, பொற்பதக்கம் பெறும் வீரனுக்குப் பரிசுப் பணமாக ஒரு டொலரும் தருவதில்லை. 2024இல் பாரிஸில் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் தன் சொந்தப் பணத்திலிருந்து 50,000 டொலர் கொடுக்க முன்வந்தபோது, அதனையும் மரபுக்கு ஒவ்வாதது என்று முணுமுணுத்தோர் உளர்.

ஊதியம் பெறாமல் விளையாடும் பழைய காலத்தை நாம் மீண்டும் அழைக்கின்றோமல்லோம். கைத்தொழிலாளியைப் படகுப் போட்டியிற் சேரவிடாது ஆங்கிலக் கனவான்கள் வகுத்த விதிதான் அந்தத் 'தூய்மை'. அது ஒழிந்தது நன்றே.

பொதுநலவாயப் போட்டிக்கு வருவோம். அமெரிக்கச் சந்தை இதற்கில்லை. நவுறுத் தீவின் பாரந்தூக்கும் வீரனைக் காட்டி எவரும் மோட்டார்க் கார் விற்கப்போவதில்லை. ஆகவே வியாபாரம் இதனைத் திரும்பியும் பாராது. ஆபிரிக்காவில் முதன்முதலாக நடைபெற்றிருக்க வேண்டிய 2022ஆம் ஆண்டுப் போட்டி, பண உத்தரவாதம் இல்லையென்று 2017இல் டேர்பன் நகரிடமிருந்து பறிக்கப்பட்டது. விக்டோரியா கைவிட்டதனைக் கிளாஸ்கோ ஏற்றபொழுது, பத்து விளையாட்டுக்களே இடம்பெறும் என 2024இல் அறிவித்தனர். ஹொக்கி போயிற்று, கிரிக்கெட் போயிற்று, பூப்பந்தும் மல்யுத்தமும் போயின. 2022இல் பேர்மிங்காமில் நம் நாடு வென்ற நான்கு பதக்கங்களுள் ஒன்று மல்யுத்தத்தில், ஓர் இளம்பெண் ஈட்டியது. அவளுக்கு இனி எங்கே களம்? குறுகிய அந்தப் போட்டியையுந் தாங்க வந்தது அனுசரணையாளரின் அன்பளிப்பன்று. விக்டோரியா மக்களின் வரிப்பணத்திலிருந்து இழப்பீடாகச் செலுத்தப்பட்ட 38 கோடி அவுஸ்திரேலிய டொலரின் ஒரு பங்கே. இலாபம் வருமிடத்து வியாபாரி. நட்டம் வருமிடத்துப் பொதுமக்கள். இந்தப் பங்கீட்டைத்தான் 'எதிர்காலம்' என்கின்றனர்.

நம் நாட்டிலும் இந்த ஆசை ஒருகாற் பற்றியெரிந்தது. 2018ஆம் ஆண்டுப் போட்டியை அம்பாந்தோட்டையில் நடத்தவேண்டுமென நம் ஆட்சியாளர் முயன்றனர். 2011 நவம்பரில் கரிபியன் தீவொன்றில் நடந்த வாக்கெடுப்பில் 43க்கு 27 என்ற கணக்கிற் கோல்ட் கோஸ்ட் நகரம் வென்றது. அன்று இங்கே வருந்தாதவர் குறைவு. வென்றிருந்தால்? 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதென இந்நாடு கைகட்டி நின்றபோது, அக்கடனேட்டில் மேலும் எத்தனை அரங்குகள் ஏறியிருக்கும்! அந்தத் தோல்வியை நாம் பெற்ற நற்பேறுகளுள் ஒன்றாகவே எண்ணுகின்றோம்.

அப்படியாயிற் போட்டிகளே வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். உள்ள அரங்குகளில் நடக்கட்டும். ஒரு நகரத்தின் தலையிற் கட்டாது பல நாடுகள் பகிர்ந்து நடத்தட்டும். அரசு கைச்சாத்திடும் உத்தரவாதப் பத்திரம், கைச்சாத்திடு முன்னரே மக்கள் பார்வைக்கு வரட்டும். ஒளிபரப்பால் வரும் பணத்தில் ஒரு பங்கு சிறிய நாடுகளின் பாடசாலை மைதானங்களுக்குச் சட்டப்படி சேரட்டும். 1958இல் தோக்கியோ ஆசியப் போட்டியில் உயரம் பாய்ந்து இலங்கைக்குப் பொற்பதக்கங் கொணர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானத்தில் உருவானவரேயன்றி, விளம்பரப் பலகையின் நிழலில் வளர்ந்தவரல்லர்.

'அனுசரணை' என்ற சொல்லை அடிக்கடி கேட்கின்றோம். பிறர்க்கு இணங்கி நடத்தலே அதன் பொருள். இணங்கி நடப்பவர் யார் என்பதில்தான் மயக்கம். நாம் கற்பிக்கும் பாடசாலையின் சென்ற இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கொம்பனி தொப்பிகளும் தண்ணீர்ப் போத்தல்களும் தந்தது. பந்தலின் முகப்பில் அதன் பதாகை தொங்கிற்று. வள்ளுவர் இல்லத்துப் பிள்ளைகள் இரண்டு நாள் இருந்து தம் கையால் எழுதிய பெயர்ப்பலகை அதன் பின்னே மறைந்துபோயிற்று. பலகையை முன்னே எடுத்து வைக்கலாமே என்றோம். அனுசரணையாளர் கோபிப்பார் என்று மெல்லிய குரலிற் பதில் வந்தது.