பிள்ளைக்கு இலவச உணவு, தாய்க்குக் கடன்

நாங்கள் பாடசாலை சென்ற காலத்தில், இடைவேளை மணி அடித்ததும் வரிசையில் நின்று பணிஸ் வாங்கி உண்டோம். எழுபதுகளில் எமக்குப் பின் வந்தவர்கள் கெயார் நிறுவனத்தின் பிஸ்கட்டை உண்டார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. பசித்த பிள்ளை அப்படிக் கேட்பதுமில்லை. ஆனால் பெரியவர்களாகிய நாம் இன்று அதைக் கேட்டே ஆகவேண்டும்.

பாடசாலை உணவு இலங்கைக்குப் புதியதல்ல. 1989இல் பிரேமதாச ஆட்சியில் இலவச மதிய உணவுத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டு, ஆட்சி மாறியதும் தொண்ணூறுகளில் கைவிடப்பட்டது. பின்னர் வேறு வடிவில் மீண்டும் வந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், வெறும் வயிற்றுடன் வந்த பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த செய்திகளைப் படித்தோம். 2024 மார்ச்சில் அரசாங்கப் பாடசாலைகளின் தரம் 1 முதல் 5 வரையான சகல மாணவர்களுக்கும் இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. எந்தப் பிள்ளையும் தன் வீட்டு வறுமையைப் பறைசாற்றிக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டியதில்லை என்பது பெரிய விடயம். அதைப் பாராட்டத் தயங்கக்கூடாது.

ஆனால் அந்த உணவைச் சமைப்பவர் யார்? பெரும்பாலும் அதே கிராமத்துப் பெண். பல இடங்களில் அப்பாடசாலையில் படிக்கும் பிள்ளையின் தாய்.

அப்படியொரு தாயைச் சில காலத்துக்கு முன்னர் சந்தித்தேன். விடியுமுன் எழுந்து விறகடுப்பில் சோறும் பருப்பும் கீரையும் சமைத்து, மகனின் சைக்கிளில் கட்டி அனுப்புகிறார். இரண்டு மாதங்களாகப் பணம் வரவில்லை. பணிமனையில் கேட்டால், "நிதி இன்னும் வரவில்லை" என்ற ஒரே பதில். கடைக்காரரின் கடன் கொப்பியில் அவருடைய பக்கம் நிறைந்துவிட்டது. தோடுகள் அடகில் இருக்கின்றன. "நிறுத்திவிடலாமே?" என்றேன். "சமைக்காவிட்டால் பிள்ளைகள் பட்டினியாக இருக்குமே ஐயா" என்றார்.

கணக்கைப் பாருங்கள். திட்டம் விரிவடைந்த 2024இல் ஓர் உணவுக்கு ஒதுக்கப்பட்டது 110 ரூபா. 80 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 8,800 ரூபா. பாடசாலை நடைபெறும் 20 நாட்களுக்கு 176,000 ரூபா. கொடுப்பனவு இரண்டு மாதம் தாமதித்தால், மூன்றரை இலட்சம் ரூபாவை ஓர் ஏழைத் தாய் அரசாங்கத்துக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்திருக்கிறார். அவர் வாங்கிய கடனுக்கோ வட்டி உண்டு.

இதன் விளைவு பிள்ளையின் தட்டிலும் தெரியும். கடன் ஏற ஏற முதலில் மறைவது முட்டை, அடுத்து மறைவது மீன். சுற்றறிக்கையில் போஷாக்கு இருக்கும். தட்டில் வெறும் சோறு இருக்கும். பின்னர் உணவின் தரம் குறைந்துவிட்டதென்று அந்தத் தாயின் மீதே குற்றம் சுமத்தப்படும்.

1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைத் தந்தார். 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. பாடநூலை முதலில் உமது காசில் வாங்கிக் கொடும், பணம் பிறகு வரும் என்று எந்த ஆசிரியரிடமும் சொல்வதில்லை. சமைக்கும் தாயிடம் மட்டும் ஏன் சொல்கிறோம்?

வழி கடினமானதல்ல. ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் ஒரு மாத முற்பணம் கொடுக்கலாம். சந்தை விலை ஏறும்போது உணவுக்கான தொகையையும் திருத்தலாம். தாமதித்த நாட்களுக்கு வட்டி சேர்த்துக் கொடுக்கச் சட்டம் செய்தால், கோப்புகள் தாமாகவே வேகமாக நகரும்.

இலவச உணவு என்பது அரசாங்கத்தின் வாக்குறுதி. அதை நிறைவேற்றும் செலவு ஒரு தாயின் தோட்டிலிருந்து வரக்கூடாது.