பழி யார் தலையில்?

2,500 கிராமுக்கும் குறைந்த எடையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், “படிக்காத தாய், வேறென்ன ஆகும்?” என்று உதட்டைப் பிதுக்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உளர். பெற்றோரின் கல்விக்கும் பச்சிளங் குழந்தையின் நலத்திற்கும் தொடர்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதைத் தாயின் மீது வீசும் கல்லாக ஆக்குவதைத்தான் மறுக்கிறேன்.

1979-இல் ஜான் கால்டுவெல் (ஒப்பிலக்கணம் தந்தவர் அல்லர், இவர் மக்கள்தொகை ஆய்வாளர்) நைஜீரியக் கணக்குகளை ஆராய்ந்தார். குழந்தை பிழைப்பதில் தாயின் கல்விக்குத் தனிப் பங்கு உண்டென்றும், கணவனின் தொழிலைக் கொண்டு மட்டும் அதனை விளக்கிவிட முடியாதென்றும் காட்டினார். பள்ளியில் கிருமிகளைப் பற்றிப் படித்ததனால் மட்டும் விளைந்ததன்று இது. படித்தவள் மாமியாரின் உத்தரவுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்கிறாள்; தாதியிடம் கேள்வி கேட்கிறாள். கல்வி அவளுக்கு வாயைத் தந்தது.

அந்த வாயை நம் தோட்டத்துப் பெண்ணுக்குத் தராதவர் யார்? 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஒரு கொட்டகை எழுந்தது, பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ வாத்தியாரானார், சட்டம் நிறைவேறிற்று! அந்தக் கொட்டகையிலிருந்தும் பெண்பிள்ளையைத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு அழைத்துக்கொண்டோம். துரை மட்டுமா குற்றவாளி? மகனின் படிப்புக்கு நகையை அடகு வைத்த தந்தை, மகளைப் பால்வெட்டுக்கு அனுப்பினார். அவரும் படியாதவர்தாமே என்பீர்கள். ஆம், ஆனால் சம்பளப் பணம் அவர் கையிலன்றோ இருந்தது? கள்ளுக்கடைக்குப் போன காசு கருவுற்றவளின் தட்டுக்கு வரவில்லை.

படித்தவர் கை மட்டும் தூய்மையானதா? 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் பேசினார். சர்க்கரை கலந்த டின் பாலைச் சிசுவுக்கு உகந்ததென்று பரப்பியதால் நேர்ந்த சாவுகளைக் கொலையென்றே கொள்ள வேண்டும் என்றார். அந்த விளம்பரங்களை எழுதியவர்கள் நன்றாகப் படித்தவர்களே.

தோட்டத்துப் பேத்தி இன்று நகரத்து அடுக்குமாடியில் பிள்ளை பெறுகிறாள். உதட்டைப் பிதுக்கும் பெரியவரே, உம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள்? படிக்கிறாளா?