கையெழுத்து மட்டும் வந்தது!

மாடியில் ஒரு ரூம் போடுவது என்று முடிவானதும் என் மனைவி சொன்னாள்: "ஒரே ஒரு ரூம்தானே... மூணு மாசத்துல முடிஞ்சுடும்."

பதினோரு மாதம் ஆயிற்று. முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகை தாங்காது. அதனால் இந்த வாரம் கரண்ட்டை மட்டும் தொடுகிறேன். (தொடுகிறேன் என்று எழுதும்போதே விரல் கூசுகிறது.)

எலெக்ட்ரீஷியன், மேஸ்திரியின் மச்சான். அதைத் தவிர வேறு தகுதி உண்டா என்று நான் கேட்கவில்லை. வீடு பாதி கட்டிய நிலையில் மேஸ்திரியைப் பகைத்துக்கொள்ளும் தைரியம் எந்த மனுஷனுக்கும் வராது. மச்சான் வந்தார். சட்டைப் பையில் டெஸ்டர், இடுப்பில் கட்டிங் பிளேயர், மணிக்கட்டில் வளையல் மாதிரி கறுப்பு டேப். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "அதெல்லாம் பாத்துக்கலாம் ஸார்!"

"தம்பி, வாஷிங் மெஷின் மேலே போகுது. கீஸர் வேற. இந்த ஒயர் தாங்குமா?"

"பாத்துக்கலாம் ஸார்!"

"பிளக்குல மேலே பெரிசா ஒரு ஓட்டை இருக்கே, அதுக்கு ஒயரே காணோமே?"

"அது எர்த்து ஸார். நம்ம ஏரியால யாரும் குடுக்கறதில்லே. சும்மா அழகுக்கு இருக்கட்டும்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. என் மூக்குக் கண்ணாடிகூட பாதி நேரம் அழகுக்குத்தான் இருக்கிறது.

லோடு கூடுகிறது என்றால் மின்சார ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் வைக்க வேண்டும். அதாவது, லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர், தகுதிச் சான்றிதழ் வாங்கிய சூப்பர்வைசரின் மேற்பார்வையில் வயரிங் செய்து, சோதித்துப் பார்த்து, 'இன்ன அளவு இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டுத் தரும் தாள். நேற்று முளைத்த சட்டம் இல்லை இது. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45-வது விதியே இதைச் சொல்லிவிட்டது. 2010-இல் மத்திய மின்சார ஆணையம் புது விதிமுறைகள் போட்டது. 2023-இல் மறுபடி புதுப்பித்தது. பல்பு மாற்ற, ஃபியூஸ் போட, கெட்டுப்போன ஸ்விட்சை மாற்ற லைசென்ஸ் வேண்டாம். புது வயரிங் இழுத்தால் வேண்டும்.

மச்சானிடம் சொன்னேன். மறுநாள் காலை, காபி ஆறுவதற்குள் ரிப்போர்ட்டை நீட்டினார். கட்டம் கட்டமாகப் பூர்த்தியாகியிருந்தது. இன்ஸுலேஷன்: 100 மெகாஓம். எர்த்: 1 ஓம். கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், லைசென்ஸ் நம்பர்.

"இவர் எப்போ வந்து பார்த்தார்?"

மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவர் வர மாட்டார் ஸார். கையெழுத்து மட்டும்தான் வரும்."

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொதித்து எழுந்திருக்க வேண்டும். எழுந்தேன்... பர்ஸ் எடுக்க. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். 'வீட்டு உரிமையாளர்' என்ற இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். "பங்குனி முடியட்டும், சித்திரையில நல்ல நாள் பார்த்துக் குடுங்கோ" என்று மனைவி சொன்னதால், ரிப்போர்ட் பீரோவுக்குள் போயிற்று.

அந்த வாரமே வாஷிங் மெஷின் பேச ஆரம்பித்தது. வேலைக்கு வரும் அம்மாள் ஈரக் கையோடு தொட்டுவிட்டு, "ஐயா, ஜிவ்வுன்னு இழுக்குது!" என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. என் காலில் ரப்பர் செருப்பு இருந்தது என்பதை நானும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. "பிரமை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் பிரமை என் மனைவியையே இழுத்தது. மச்சானுக்கு போன் போட்டேன். "கீழே ஒரு மரப்பலகை போட்டு, அது மேல நின்னு துவைக்கச் சொல்லுங்க ஸார்!" என்றார். பலகை போட்டோம். துணி துவைப்பது ஏதோ ஹோமம் மாதிரி ஆயிற்று. ஒருவர் பலகை மேல் ஏறி நிற்க, மற்றவர் தூர நின்று, "கை காஞ்சிருக்கா?" என்று கேட்க... ஒரு மாதம் இப்படியே ஓடியது. மனுஷனுக்கு எதுவும் பழகிவிடும். பழகுவதுதான் ஆபத்து.

அப்புறம் பெங்களூரிலிருந்து பெண் போன் செய்தாள். "அப்பா, லீவுக்குக் குழந்தையைக் கொண்டு வந்து விடறேன். பதினஞ்சு நாள் வச்சுக்கோங்கோ."

பேத்திக்கு நாலு வயசு. செருப்பு என்றால் அலர்ஜி. தண்ணீர் என்றால் உயிர். வட்டமாகச் சுற்றுகிற எதைப் பார்த்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். வாஷிங் மெஷினைவிட அழகாகச் சுற்றுகிற வஸ்து எங்கள் வீட்டில் எது?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து பீரோவைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன். எர்த்: 1 ஓம். எந்த எர்த்? பிளக்கில் ஒயரே இல்லையே! கான்ட்ராக்டரின் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே கீழே வந்தால், பக்கத்தில் இன்னொரு கையெழுத்து. அழகாக, கோடு போட்டு, இரண்டு புள்ளி வைத்து. என்னுடையது.

அதற்கு மேல் யாரைத் திட்டுவது?

காலையில் வாக்கிங் நண்பரிடம் விசாரித்து ஒருவரைப் பிடித்தேன். லைசென்ஸ் வைத்திருக்கும் கான்ட்ராக்டர். வயசு எழுபது இருக்கும். கையில் ஒரு பழைய தோல் பெட்டி. நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுக்கிற மாதிரி, பெட்டிக்குள்ளிருந்து பயபக்தியோடு மெக்கரை வெளியே எடுத்தார். கைப்பிடியைச் சுற்றினால் 500 வோல்ட் வரும். மெயினை அணைத்து, பல்பு, பிளக் எல்லாம் கழற்றிவிட்டு, அந்த வோல்ட்டை ஒயருக்குள் அனுப்பி, உறை எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது. குறைந்தபட்சம் 1 மெகாஓம் காட்ட வேண்டும்.

காட்டியது 0.2.

"மாடி லைன்ல எங்கேயோ ஒயர் அடிபட்டிருக்கு ஸார்" என்று ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துக்கொண்டே போனார். கீஸர் லைனில் நின்றார். பால்கனிச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தவர், கொடிக் கம்பி கட்டியிருந்த இரும்புக் கொக்கியின் முன்னால் நின்றார். "இதை யாரு அடிச்சது?"

எதிர்வீட்டில் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி, மனைவி பாராட்ட வேண்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கொக்கியை அடித்த மகானுபாவன்... நான்தான். மச்சானைக் கைகாட்ட வழியே இல்லை.

கொக்கியைக் கழற்றினார். மெக்கர் முள் மேலே ஏறியது. சுவருக்குள் போகும் பைப்பைத் துளைத்து, கீஸர் ஒயரின் உறையைச் சுரண்டியபடி உட்கார்ந்திருந்தது ஸ்க்ரூ.

"இப்போ வெயில் காலம், சுவர் காஞ்சிருக்கு. ஐப்பசி மழை வரட்டும். சுவர் ஈரம், துணி ஈரம், கொடி இரும்புக் கம்பி..." அவர் மேலே சொல்லவில்லை. அந்தக் கம்பியில் தினமும் ஈரத் துணி உலர்த்துகிறவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். காபி கொண்டு வந்திருந்தாள். டம்ளர் டபராவில் கொஞ்சம் ஆடியது.

அப்புறம் வரிசையாக வந்தன. இரண்டு ஸ்விட்ச் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் போட்டிருந்தது. அதாவது, ஸ்விட்சை அணைத்தாலும் பல்பு ஹோல்டரில் கரண்ட் இருக்கும்; பல்பு மாற்றக் கை வைக்கிறவருக்குத் தெரியாது. பவர் பிளக் எதிலும் எர்த் கிடையாது. மெஷின் இழுத்ததற்கும் அதுதான் காரணம். வாஷிங் மெஷினுக்குள் உள்ள ஃபில்டரிலிருந்து எப்போதும் துளி கரண்ட் கசியுமாம். எர்த் இருந்தால் சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் நம் வழியாகப் போகும்.

நான் என் விஞ்ஞான அறிவைக் காட்டினேன். "அதான் எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடிச்சா விழுந்துடாதா?"

அவர் பொறுமையாகக் கணக்குப் போட்டார். "ஈர உடம்புக்குச் சுமார் 1,000 ஓம்னு வைங்க. 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்பியர் பாயும். மனுஷன் போறதுக்கு அது தாராளம். உங்க எம்.சி.பி. 16 ஆம்பியர். அதாவது 16,000 மில்லி ஆம்பியர். 230 போறது அதுக்குத் தெரியவே தெரியாது. எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்தும் ஸார். ஆளைக் காப்பாத்தாது."

ஆளைக் காப்பாற்றுவதற்கு வேறொன்று உண்டு. ஆர்.சி.சி.பி. மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி அது. ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பி வந்தது எவ்வளவு என்று ஓயாமல் கூட்டிப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் உதைத்தால், எவன் வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது, லைனைத் துண்டித்துவிடும்.

"அப்போ அது ஒண்ணு போதுமே, எர்த் எதுக்கு?" என்றேன், செலவைக் குறைக்கிற ஆர்வத்தில்.

"எர்த் இல்லாம இதை மட்டும் போட்டா, ஆள் தொட்டப்புறம் விழும். எர்த்தும் இருந்தா, ஆள் தொடறதுக்கு முன்னாடியே விழும். எது வேணும்?"

எர்த் குழி தேடினோம். வீடு கட்டும்போது போட்டது, போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில் எங்கேயோ சமாதியாகியிருந்தது. "தண்ணி ஊத்தி எத்தனை வருஷம் ஆச்சு?" என்றார். மனுஷனுக்கே லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் குழிக்கு யார் ஊற்றுவது? புதிதாகக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் பைப் இறக்கி, சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். உப்பு மூட்டை வந்து இறங்கியதும் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, ஊறுகாயா போடறா?" என்றாள்.

பத்து நாள் ஆயிற்று. செலவைச் சொல்ல மாட்டேன். மாமனார் இந்தப் பத்திரிகை படிக்கிறார். கடைசி நாள் பெரியவர் மறுபடி ஒவ்வொன்றாக அளந்து, தாளில் தானே எழுதினார். இன்ஸுலேஷன்: 8 மெகாஓம். எர்த்: 3.4 ஓம்.

பாக்கிப் பணம் வாங்க வந்த மச்சான் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஸார்... நம்ம ரிப்போர்ட்ல நம்பர் இதைவிட நல்லா இருந்துச்சே!" என்றார்.

வாஸ்தவம். பொய்க்கு எப்போதும் ரவுண்டு நம்பர்தான் பிடிக்கும். உண்மைக்குத்தான் புள்ளிக்கு அப்புறம் ஒரு நாலு ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய ரிப்போர்ட்டை என் கையெழுத்தோடு சேர்த்துக் கிழித்தேன். புதியதை மின்சார ஆபீஸில் கொடுத்தேன். நல்ல நாள் பார்க்கவில்லை.

வீடு கட்டுகிற புண்ணியவான்களுக்கு மூன்று விஷயம். வேலை ஆரம்பிக்கும் முன்பே லைசென்ஸைக் கண்ணால் பாருங்கள். பூசுவதற்கு முன் சுவரில் பைப் போகிற வழியை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல் கொக்கி அடிக்கிறவர்களுக்கு அது ஜாதகம். டெஸ்ட் ரிப்போர்ட் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். மெக்கர் சுற்றுகிற சத்தம் கேட்காமல் தாள் வந்தால், வந்தது கையெழுத்து மட்டும்தான்.

பேத்தி வந்தாள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பட்டன் உண்டு. அவ்வப்போது அமுக்கி, விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். நான் சோதித்ததை அவள் பார்த்துவிட்டாள். அன்று ராத்திரி, மனைவி பார்க்கும் ஸீரியலில் மாமியார் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, ஸ்டூல் மேல் ஏறி அமுக்கினாள். டப்! வீடு முழுக்க இருட்டு. "யாருடி அது!" என்று மனைவி கத்தினாள். நான் இருட்டில் உட்கார்ந்து சிரித்தேன். விழுகிறதே!

அந்த மரப்பலகை? இருக்கிறது. வாஷ்பேசின் எட்டவில்லை என்று அதன் மேல் ஏறி நின்றுதான் பல் தேய்க்கிறாள். வெறுங்காலோடு.